செக் த்ரீயில் கம்ப்யூட்டிங் எடுக்கலாமா, பிஓஏ எடுக்கலாமா?

உட்லண்ட்ஸ்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெரியவள் சிங்கப்பூர்ப் பள்ளி ஒன்றில் செக் டூ (உயர்நிலை இரண்டு) படிக்கிறாள். அடுத்த வருடத்துக்கான பாடங்களை இந்த மாதக் கடைசிக்குள் பாரத்தில் நிரப்பிக் கொடுக்கவேண்டும். அவள் பள்ளியில் கம்ப்யூட்டிங் உண்டு, ஆனால் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் இடம். அது வேண்டுமென்றால் பிஓஏ-வை (கணக்கியல் பாடம்) விட்டுவிட வேண்டும். ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்), கெமிஸ்ட்ரி எப்படியும் இருக்கும், அதில் பிரச்சினை இல்லை.

இவளுக்கு ஆசைதான். தொடக்கப்பள்ளியில் ‘கோட் ஃபார் ஃபன்’ என்ற நிரல் வகுப்பு நடத்தினார்கள் அல்லவா, அதிலிருந்து ஸ்க்ராட்ச் என்ற சிறுவர் நிரல் மொழியில் எதையாவது செய்துகொண்டே இருப்பாள். இவள் அப்பாவோ, “இனிமேல் கோட் எல்லாம் ஏஐ எழுதிவிடும், கணக்கு வைக்கத் தெரிந்தவர் எங்கேயும் பிழைத்துக்கொள்வார்” என்கிறார். என் மாமியார் டாக்டர் என்று முடிவு செய்துவிட்டார், அது தனிக் கதை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இந்தப் பாடத்தில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? இதை எடுக்காமல் விட்டால் பின்னால் பாலியிலோ (பாலிடெக்னிக்) ஜேசியிலோ (ஜூனியர் காலேஜ்) ஐடி படிக்க முடியாமல் போய்விடுமா?

ஷிப்யார்டு_மாமா:

பிஓஏ. யோசிக்கவே வேண்டாம்.

பழைய_கோடர்:

மாமா ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். முடியாமல் போகாது. செகண்டரியில் கம்ப்யூட்டிங் படித்திருக்க வேண்டும் என்று இங்குள்ள எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதில்லை, கணிதத்தைத்தான் பார்க்கிறார்கள். பாலியும் அப்படித்தான். ஐடி படிப்புகளுக்கு மதிப்பெண் கூட்டும்போது அறிவியல் பாடங்கள் இருக்கும் பட்டியலிலேயே கம்ப்யூட்டிங்கும் இருக்கிறது, அவ்வளவுதான். பிஓஏ எடுத்தால் அதை ‘மற்ற சிறந்த இரண்டு பாடங்கள்’ என்ற இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஜேசி என்றால், 2028 சேர்க்கையிலிருந்து ஆறு பாட மதிப்பெண்ணைக் கூட்டும் எல்1ஆர்5 போய், ஐந்து பாடத்தைக் கூட்டும் எல்1ஆர்4 வருகிறது. ஒரு பாடம் குறைவாகவே எண்ணுவார்கள். அதனால் மதிப்பெண் கணக்கை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டிங்குக்காக ஏ மேத்ஸை விடச் சொன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

கொஞ்சம் பழங்கதை. இங்கே தேசிய கணினி வாரியம் 1981-ல் வந்தது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் கிளப் வந்ததும் அந்தக் காலத்தில்தான். நான் படித்தபோது ‘கம்ப்யூட்டர் ஸ்டடீஸ்’ என்று ஒரு பாடம் இருந்தது. பிரிண்டர் எத்தனை வகை, ஃப்ளாப்பியில் எவ்வளவு கொள்ளும் என்று மனப்பாடம் செய்தோம். அதை எடுத்துவிட்டு 2017-ல் புதிதாகக் கொண்டுவந்ததுதான் இப்போதைய கம்ப்யூட்டிங், பைதான் என்ற நிரல் மொழியில். முதல் வருடம் 19 பள்ளிகள், ஒரு பள்ளிக்கு ஏறக்குறைய 20 பிள்ளைகள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பழையதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நம் தலைமுறைப் பெற்றோர் பலர் பழையதை நினைத்துக்கொண்டு பேசுகிறோம்.

செக்ஃபோர்_தம்பி:

ஆன்ட்டி, நான் இப்போது இந்தப் பாடம்தான் படிக்கிறேன். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாமா?

ரெண்டு பேப்பர். முதல் பேப்பர் எழுத்துத் தேர்வு, 60 விழுக்காடு. கம்ப்யூட்டர் கிடையாது, பேனாதான். இரண்டாவது லேபில், 40 விழுக்காடு. பைதான், அப்புறம் ஸ்ப்ரெட்ஷீட். வந்த முதல் வாரத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இதுதான் அதிர்ச்சி. கேம் செய்யலாம் என்று வந்தவர்களிடம் தாளைக் கொடுத்து, பைனரியிலிருந்து ஹெக்ஸுக்கு மாற்று, இந்த லாஜிக் கேட் படத்துக்கு ட்ரூத் டேபிள் போடு என்றார்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று. நம் ஐசி (அடையாள அட்டை) எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கிறதே, அது சும்மா ஒட்டியது இல்லை. எஸ்ஸில் தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 வந்தால் ஜே, 1 வந்தால் இசட், 2 வந்தால் ஐ. 3-லிருந்து ஹெச், ஜி, எஃப், ஈ, டி, சி, பி, ஏ என்று பின்னோக்கிப் போகும்.

மாதிரிக்கு எல்லாரும் போடுகிற எண் 1234567. 2+14+18+20+20+18+14, மொத்தம் 106. 11-ஆல் வகுத்தால் மீதி 7. அதனால் டி. பாரங்களில் மாதிரியாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், கடைசியில் அந்த எழுத்துதான் இருக்கும்.

இதைத்தான் ‘செக் டிஜிட்’ என்பார்கள். கவுண்டரில் யாராவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் எழுத்து பொருந்தாது, கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடித்துவிடும்.

லேப்_டீச்சர்:

தம்பி நன்றாகச் சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள், ஆர்வத்தில் யாரும் சொந்த ஐசி எண்ணை இங்கே போட்டுவிடாதீர்கள். வீட்டில் தாளில் போட்டுப் பாருங்கள்.

நான் இந்தப் பாடம் நடத்துகிறேன். எந்தப் பள்ளி என்று கேட்கவேண்டாம்.

ஷிப்யார்டு_மாமா:

சரி டீச்சர், நேரடியாகவே கேட்கிறேன். நான் துவாஸில் யார்டில் இருக்கிறேன். போன வருடம்வரை ஒருவர் உட்கார்ந்து ரிப்போர்ட்டுக்கு ஏதோ மேக்ரோ (தானாக ஓடும் சின்ன நிரல்) எழுதிக்கொண்டிருந்தார். இப்போது அதை எங்கள் ஸ்டோர் கீப்பர் ஏஐ-யிடம் கேட்டு அவரே செய்துகொள்கிறார். பைதான் தெரியாது, ஒன்றும் தெரியாது. வேலை நடக்கிறது. இந்தப் பிள்ளைகள் ரெண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு படிப்பது எதற்கு?

லேப்_டீச்சர்:

நல்ல கேள்வி மாமா. உங்கள் ஸ்டோர் கீப்பருக்கு என் பாராட்டு, உண்மையாகவே.

ஆனால் அந்த மேக்ரோ சரியாகத்தான் கணக்குப் போடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏஐ எழுதிய கோட் எப்போதும் சரிபோலவே தெரியும். ஓடும். எண்ணும் வரும். அந்த எண் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு பழக்கம் வேண்டும், இந்தப் பாடத்தில் பாதி அந்தப் பழக்கம்தான்.

உதாரணம். 0-லிருந்து 100 வரை மதிப்பெண் வாங்கும் ஒரு சின்ன நிரல். பிள்ளைகளிடம், “இதைச் சோதிக்க என்னென்ன எண் கொடுப்பாய்?” என்று கேட்பேன். முதல் மாதத்தில் எல்லாரும் 50, 60, 75 என்பார்கள். எல்லாம் வேலை செய்யும், சந்தோஷமாக மூடிவிடுவார்கள். பிறகு 0 கொடு, 100 கொடு, -1 கொடு, 101 கொடு, எண்ணுக்குப் பதில் ‘ஐம்பது’ என்று எழுத்தில் கொடு என்பேன். எங்கோ ஓரிடத்தில் நிரல் சாயும். பெரும்பாலும் ‘100-ஐவிடக் குறைவு’ என்று எழுதியிருப்பார்கள், ‘100 அல்லது அதைவிடக் குறைவு’ என்று எழுதியிருக்க மாட்டார்கள். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையை நிரல் வெளியே தள்ளிவிடும்.

இந்தக் கேள்விகள் தேர்விலும் வரும். நிரலை ஒவ்வொரு வரியாகத் தாளில் ஓட்டி, எந்த மாறியில் எந்த நேரத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்று கட்டம் போட்டு நிரப்பவேண்டும், அதற்கு ‘ட்ரேஸ் டேபிள்’ என்று பெயர். கோட் எழுதுவதைவிட இது கடினம். ஏஐ வந்தபிறகு இதற்குத்தான் தேவை கூடியிருக்கிறது என்பது என் கருத்து. நீங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று இல்லை.

ஷிப்யார்டு_மாமா:

ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 100 கதை எங்கள் யார்டிலும் நடக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோவை_டு_ஈசூன்:

டீச்சருக்கு வணக்கம். நான் ஊரில் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன். எங்கள் காலத்தில் அது ‘ஈசியான குரூப்’. பயாலஜி படிக்க முடியாதவர்கள் எடுப்பது. ரெக்கார்ட் நோட்டில் ஐந்து புரோகிராம் அழகாக எழுதி, ஃபைனல் பிராக்டிகலில் அதில் ஒன்று வரும், அப்படியே அடித்துவிட்டு வருவோம். இப்போது அங்கேயும் மாற்றிவிட்டார்கள். புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைதான். என் அக்கா பையன் புத்தகத்தைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். இங்கேயும் கடைசியில் டென் இயர் சீரீஸ் வாங்கி, பழைய கேள்வித்தாள் போட்டு, டியூஷன் வைத்துத்தானே முடிக்கிறார்கள்? அப்படியென்றால் எங்கள் ரெக்கார்ட் நோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

லேப்_டீச்சர்:

எழுத்துத் தாளில் ஒரு பகுதி மனப்பாடம்தான், மறுக்கமாட்டேன். நெட்வொர்க்கில் ஸ்டார் டோபாலஜி என்றால் என்ன, மேக் அட்ரஸுக்கும் ஐபி அட்ரஸுக்கும் என்ன வேறுபாடு, ஃபிஷிங், காப்புரிமை, இவற்றைப் படித்து எழுதிவிடலாம். லேப் தேர்வு அப்படி முடியாது. அங்கே புதுக் கேள்வி வரும், பாதி எழுதிய நிரலைக் கொடுத்துப் பிழை திருத்தச் சொல்வார்கள், நேரம் ஓடும். பழைய தாளை எத்தனை முறை போட்டாலும் பிழையைத் தேடத் தெரியாவிட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

செக்ஃபோர்_தம்பி:

ஆமாம் அங்கிள். எனக்கு முதல் டெஸ்டில் 5-ம் 3-ம் கூட்டச் சொன்னால் 53 வந்தது. பைதானில் இன்புட் வாங்கினால் அது எண்ணாக வராது, எழுத்தாக வரும். எண்ணாக மாற்றாமல் கூட்டினால் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துவிடும். ஒரு எர்ரரும் காட்டாது. டீச்சர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பழைய_கோடர்:

பின்னால் நின்று ஒன்றும் சொல்லாமல் இருப்பவர்தான் நல்ல வாத்தியார். எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்யப் பொறுமை உள்ளவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

பேரேட்டுக்காரி:

பிஓஏ பக்கம் யாருமே பேசவில்லையே. நான் 15 வருடத்துக்கு மேல் கணக்காளர் வேலையில் இருக்கிறேன், நான் பேசுகிறேன்.

பிஓஏ என்றால் கூட்டல் கழித்தல் என்று நினைக்கிறார்கள். ஒரு வியாபாரத்தில் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, லாபம் இருந்தும் கையில் காசு ஏன் இல்லை, இதைப் பதினைந்து வயதில் புரிந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக் கடன், சிபிஎஃப் (மத்திய சேமநிதி), பங்கு எல்லாவற்றுக்கும் உதவும். டீச்சர் சொல்லும் ‘சரிபார்க்கும் பழக்கம்’ எங்களிடமும் உண்டு. பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால் இரவு வீட்டுக்குப் போக முடியாது. ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டோம், கம்ப்யூட்டர்காரர்கள் நேற்று வந்தவர்கள்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பிஓஏ-வை எப்போது வேண்டுமானாலும் தொடங்கிக் கற்றுக்கொள்ளலாம். நான் பாலியில்தான் முதலில் பற்று வரவு பார்த்தேன். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

இன்னொன்று, நான் தினமும் வாழ்வது எக்ஸெலில். என் டீமில் வரும் பட்டதாரிகளுக்கு வீலுக்அப் (பட்டியலில் தேடி எடுக்கும் சூத்திரம்) ஒழுங்காக வருவதில்லை. கம்ப்யூட்டிங்கில் அதைச் சொல்லித் தருகிறார்களாமே?

லேப்_டீச்சர்:

சொல்லித் தருகிறோம், கேள்வியும் வரும். உங்கள் பட்டதாரிகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று ஊகிக்கிறேன், கடைசி இடத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள்.

மற்றவர்களுக்காக: வீலுக்அப்பில் நான்காவதாக ஒன்று கேட்கும், சரியாகப் பொருந்துவதைத் தேடவா, ஏறக்குறையப் பொருந்துவதைத் தேடவா என்று. ஒன்றும் போடாவிட்டால் ‘ஏறக்குறைய’ என்று எடுத்துக்கொள்ளும். மதிப்பெண்ணுக்கு கிரேடு போட அதுதான் வேண்டும். பக்கத்தில் 0, 50, 55, 60, 65, 70, 75 என்று ஏறுவரிசையில் வைத்து, எதிரே கிரேடு எழுதினால், 68 வாங்கிய பிள்ளைக்கு 65-ன் எதிரே உள்ள பி3-ஐ எடுத்துக் கொடுக்கும். அங்கே ‘சரியாக’ என்று போட்டால் 68 பட்டியலில் இல்லை என்று பிழை காட்டும். ஆனால் பொருள் குறியீட்டை வைத்து விலை தேடும்போது ‘ஏறக்குறைய’ விட்டால் வேறு பொருளின் விலை வந்து உட்காரும். பிழையும் காட்டாது. இன்வாய்ஸ் போய்விடும்.

பேரேட்டுக்காரி:

டீச்சர், அந்த இன்வாய்ஸை நான் பார்த்திருக்கிறேன். மேலே பேசவேண்டாம்.

தேக்கா_அக்கா:

இங்கே எல்லாரும் ஏ மேத்ஸ், ஜேசி என்றே பேசுகிறீர்கள். என் பையன் போஸ்டிங் குரூப் 1, தொடக்கப்பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பிரிவு. அவனுக்கும் கம்ப்யூட்டர் என்றால் உயிர். போன வருடம் ஒரு பெற்றோர் கூட்டத்தில், “இவனுக்கு இந்தப் பாடம் கஷ்டம், ஆசையை வளர்க்காதீர்கள்” என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். ஸ்ட்ரீமிங் (மதிப்பெண் பார்த்து வகுப்பு பிரிப்பது) எல்லாம் போய்விட்டது, எல்லாரும் ஒரே வகுப்பு என்கிறார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை.

லேப்_டீச்சர்:

அக்கா, அப்படிச் சொன்னது தப்பு.

2024-ல் செக் ஒன் சேர்ந்த தொகுதியிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவு கிடையாது. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலைகள், ஜி3-தான் மேல்நிலை. ஜி1-ல் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்ற பாடம் இருக்கிறது. ஸ்ப்ரெட்ஷீட், மல்டிமீடியா என்று கையால் செய்து பார்ப்பது அதிகம். அதை ‘சின்னப் பாடம்’ என்று நினைக்கவேண்டாம். கணிதத்தில் நன்றாகச் செய்தால் அந்தப் பாடத்தை மட்டும் மேல்நிலையில் எடுக்கும் வழியும் இருக்கிறது, அதை வருடா வருடம் கேளுங்கள். ஒருமுறை கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்). அங்கே ஐடி படிப்புகள் செய்முறையில் நல்ல கெட்டி. இப்போது மூன்று வருடத்தில் ஹையர் நைடெக் என்ற அதன் சான்றிதழை முடிக்கும் வழியும் வந்துவிட்டது. அங்கிருந்து பாலிக்குப் போகிறவர்கள் நிறைய.

பழைய_கோடர்:

என் டீமில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் ஐடிஇ-யில் தொடங்கியவர். இரவு இரண்டு மணிக்குச் சிஸ்டம் விழுந்தால் நான் கூப்பிடுவது அவரைத்தான், என்யுஎஸ்காரரை (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) இல்லை. உங்கள் பையனை விட்டுக்கொடுக்காதீர்கள் அக்கா.

தேக்கா_அக்கா:

நன்றி தம்பி. நன்றி டீச்சர். கூட்டத்தில் கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இன்னும் சில கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவளிடம் பள்ளி கொடுத்த க்ரோம்புக் இருக்கிறது, எதையும் இன்ஸ்டால் செய்யவிடாது. தனியாக நல்ல லேப்டாப் வாங்கவேண்டுமா? சிம் லிம் ஸ்கொயரில் கேட்டால் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குக் குறைந்து வாயைத் திறப்பதில்லை. அடுத்து, டிசம்பர் விடுமுறைக்குக் கோடிங் கேம்ப் என்று தினமும் விளம்பரம் வருகிறது, அனுப்பவேண்டுமா? மூன்றாவதாக, இவள் பள்ளியில் தமிழ் இல்லை. பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு ரயில் பிடித்துப் போகிறாள். கம்ப்யூட்டிங் லேபை மத்தியானம் வைத்தால் என்ன செய்வது?

லேப்_டீச்சர்:

லேப்டாப் வேண்டாம். பைதானை பிரௌசரிலேயே ஓட்டலாம், வீட்டுப் பயிற்சிக்கு க்ரோம்புக் தாராளம். தேர்வு பள்ளி லேபில்தான். அந்த ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியைப் பத்திரமாக வையுங்கள்.

கேம்ப்பும் தேவையில்லை. நான்கு நாளில் ‘உங்கள் குழந்தை ஆப் செய்யும்’ என்பார்கள், குழந்தை அவர்கள் செய்த ஆப்பில் நிறத்தை மாற்றிவிட்டு வரும். ரொம்ப ஆர்வம் வந்துவிட்டால் பின்னால் தேசிய இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் இருக்கிறது, என்யுஎஸ் நடத்துவது. அது வேறு உலகம், பாடத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. இப்போது யோசிக்கவேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளியில் கால அட்டவணையைக் கேளுங்கள். எடுக்கும் பிள்ளைகள் வெவ்வேறு வகுப்பில் இருப்பதால் கம்ப்யூட்டிங்கைச் சில பள்ளிகளில் நாளின் கடைசியில் வைப்பார்கள். தமிழ் வகுப்பு எந்தக் கிழமைகளில் என்று எழுதிக்கொண்டு போங்கள். முன்கூட்டியே சொன்னால் நகர்த்த முயற்சி செய்வோம், ஜனவரியில் வந்து சொன்னால் எங்களாலும் ஒன்றும் செய்யமுடியாது. இதற்காகத் தமிழை விடுவது என்ற பேச்சே வேண்டாம்.

அப்புறம் ஒரு யோசனை. மகள் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமா என்று பார்க்க ஸ்க்ராட்ச் விளையாட்டைப் பார்க்காதீர்கள். தம்பி சொன்ன ஐசி எண் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சரியாகப் போடுகிறாளா என்பது முக்கியமில்லை, அது வெறும் பெருக்கல். போட்டு முடித்தபிறகு என்ன செய்கிறாள் என்று பாருங்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால், பிஓஏ எடுத்தாலும் நன்றாகத்தான் படிப்பாள். ஏதாவது கேட்டால் வந்து எழுதுங்கள்.

கோவை_டு_ஈசூன்:

டீச்சர், என் பெண் பி5 (தொடக்கநிலை ஐந்து). நானும் கொடுத்துப் பார்க்கலாமா?

லேப்_டீச்சர்:

பி5-க்கு வேண்டாமே. விளையாடட்டும்.

பழைய_கோடர்:

டீச்சர் சொன்னதை ஒட்டி. 2015-ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், தான் சி++ மொழியில் எழுதிய சுடோகு தீர்க்கும் நிரலை ஃபேஸ்புக்கில் போட்டார், நினைவிருக்கிறதா? உலகம் முழுக்க அதில் பிழை தேடினார்கள். அவருக்கு வேலைக்கு அது தேவையா என்ன? கணிதம் படித்தவர், பிடித்திருந்தது, எழுதினார். வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பதை மட்டும் வைத்துப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாம் பாடம் தேர்ந்தெடுத்தால், அவள் பட்டம் வாங்குவதற்குள் அந்த வேலையே வேறாக மாறியிருக்கும். 2022, 23-ல் ஐடி துறையில் ஆட்குறைப்பு வந்தபோது பார்த்தோமே.

ஷிப்யார்டு_மாமா:

பிரதமருக்குச் சம்பளம் வருகிறது தம்பி, அவர் பிடித்ததை எழுதலாம். நம் பிள்ளைகள் வேலையையும் பார்க்கத்தான் வேண்டும்.

பழைய_கோடர்:

அதுவும் சரிதான்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

ரெண்டு நாள் கழித்து வருகிறேன். பள்ளியில் கேட்டுவிட்டேன், கம்ப்யூட்டிங் காலையில்தான், தமிழ் வகுப்போடு மோதாது.

தாளையும் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் என் எண்ணுக்குப் போட்டுக் காட்டினாள், எழுத்து சரியாக வந்தது. பிறகு தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே, “ஏம்மா 11? இங்கிலீஷில் 26 எழுத்து இருக்கிறதே, 26-ஆல் வகுத்தால் எல்லா எழுத்தையும் பயன்படுத்தலாமே” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இவள் அப்பா, “எதற்கு வம்பு, 10 போதுமே” என்றார். இருவரும் சண்டை.

ஒரு குழப்பம் மட்டும். அவளுடைய சொந்த எண்ணுக்குப் போட்டால் எழுத்து பொருந்தவில்லை. மூன்று பேர் போட்டுப் பார்த்துவிட்டோம்.

லேப்_டீச்சர்:

இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்!

மகளிடம் சொல்லுங்கள், 26-ம் வேலை செய்யும். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அப்பாவின் 10-தான் வேலை செய்யாது. முதல் இலக்கத்தை 2-ஆல் பெருக்குகிறோம் இல்லையா? அங்கே 1-க்குப் பதில் 6 அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5, இரண்டால் பெருக்கினால் 10. கூட்டுத்தொகை சரியாக 10 கூடும், 10-ஆல் வகுத்தால் மீதி மாறவே மாறாது. பிழை தப்பித்துவிடும். 11-ல் அப்படித் தப்ப முடியாது. 11 பகா எண், பத்தைவிடப் பெரியது. ஓர் இலக்கம் அதிகபட்சம் 9 மாறும், பெருக்கும் எண் அதிகபட்சம் 7. இவற்றைப் பெருக்கி 11-ன் மடங்கு வரவழைக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் அகப்படும், அதற்காகத்தான் இடத்துக்கு இடம் வேறு எண்ணால் பெருக்குவது. 26-க்கு ஏன் பிரச்சினை இல்லை என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். துப்பு: 26-ஐ 13-ன் மடங்காகப் பார்க்கச் சொல்லுங்கள்.

செக்ஃபோர்_தம்பி:

ஆன்ட்டி, உங்கள் மகள் 2000-க்குப் பிறகு பிறந்தவர் இல்லையா? அவர்கள் எண் எஸ்ஸில் தொடங்காது. கூட்டி முடித்தபிறகு 4 சேர்த்துவிட்டு 11-ஆல் வகுக்கவேண்டும். அப்புறம் அதே எழுத்து வரிசைதான். நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம், எஸ்ஸுக்கு மட்டும்தான் எழுதினேன்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

4 சேர்த்ததும் வந்துவிட்டது தம்பி! பாரத்தில் முதல் விருப்பம் கம்ப்யூட்டிங், இரண்டாவது பிஓஏ என்று போட்டுக் கொடுத்தாயிற்று. இடம் கிடைக்குமா என்பது வருடக் கடைசியில்தான் தெரியும். அவள் அப்பா இன்னும் 10-ஐ விடவில்லை.

பேரேட்டுக்காரி:

இடம் கிடைக்காவிட்டால் எங்கள் பக்கம் வரட்டும், நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்.

ஷிப்யார்டு_மாமா:

எல்லாம் சரி. நான் 97-ல் வந்தவன், இன்னும் வேலை பாஸ்தான், என் எண் எஃப்பில் தொடங்குகிறது. பிரேக்கில் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், எழுத்து வரவில்லை. எனக்கும் 4 சேர்க்கணுமா?

செக்ஃபோர்_தம்பி:

வேண்டாம் அங்கிள். எஃப்புக்கு எழுத்து வரிசையே வேறு. மீதி 0 என்றால் எக்ஸ், 1 என்றால் டபிள்யூ, 2 என்றால் யூ, அப்படியே பின்னோக்கிப் போய் 10-க்கு கே. நடுவில் வி, எஸ், ஓ மூன்றும் கிடையாது.

ஷிப்யார்டு_மாமா:

வந்துவிட்டது.